நீ ஒட்டிய சிவப்பு ரப்பர்

அன்புள்ள தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்று எழுத வேண்டிய இடம் இது. நான் நலமாக இல்லை. பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறேன். நேற்று மத்தியானம் பஸ் பார்சலில் நீ அனுப்பிய பொட்டலம் வந்தது. பிரித்துச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்திருக்கிறேன். உன் டேபிள் டென்னிஸ் பேட், இரண்டு புது ரப்பர், ஒரு துண்டுச் சீட்டு. ரப்பர் இரண்டும் சிவப்பு. ஒன்று உனக்குப் பன்னிரண்டு வயதில் நான் ஒட்டிப் பழக்கிய பிம்பிள்ஸ், முள் முள்ளாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற ரகம். இன்னொன்று மேலே வழுவழுவென்று இருக்கிறது, விரலை வைத்து இழுத்தால் தோலைப் பிடித்துக்கொள்கிறது. சீட்டில் உன் கையெழுத்து. "எம்மா, வர்ற வியாழக்கிழமை செலக்சன். பேக்ஹேண்டுக்கு இந்த ரெண்டுல எதப் போடணும்னு நீயே பாத்து ஒட்டி அனுப்பு. என் ஆட்டம் உனக்குத்தான தெரியும். நான் ஒட்டுனா கொப்புளம் வந்துரும். எனக்குத்தான் ராசியில்லாத கையாச்சே."

அந்தக் கடைசி வரியில் நின்றவள்தான், நேற்றிலிருந்து அங்கேயே நிற்கிறேன். நீ விளையாட்டாக எழுதியிருக்கிறாய். எட்டு வருஷமாக நீ இதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் எல்லாரும் சிரித்தாகிவிட்டது. இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வரவில்லை. விளையாட்டுக்காரர்களுக்கென்று ஒதுக்கிய அரசு வேலைக்கான செலக்சன் இது. வயது வரம்பு உனக்கு இந்த வருஷத்தோடு முடிகிறது. கங்கைகொண்டான் பாக்டரியில் சம்பளமில்லாத விடுப்பு போட்டுவிட்டு ஒரு மாதமாகச் சென்னையில் சிநேகிதன் அறையில் கிடந்து பயிற்சி எடுக்கிறாய். வியாழக்கிழமை சரியாக ஆடாவிட்டால் திரும்பவும் அந்த ஷிப்ட்டுதான், ராத்திரியில் கண் எரிய பஸ்ஸுக்கு நிற்பதுதான். அது ஒரு பயம். ஆனால் அதைவிடப் பெரிய பயம், இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு நீ என்னை என்ன நினைப்பாய் என்பது. ரப்பர் ஒட்டிய பேட் வரும் என்று நீ காத்திருப்பாய். அது வராது. ஏன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். கோபம் வரும். வந்தாலும் பாதியில் மடித்து வைத்துவிடாதே.

நான் பயந்தவள் என்பது இந்தத் தெருவுக்கே தெரியும். இப்போதுகூட ஆடிக் காற்று ஜன்னல் கதவைத் தூக்கி அடிக்கிறது, ஒவ்வொரு அடிக்கும் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. உங்க அப்பா மின்கம்பம் ஏறுகிற வேலை பார்த்த முப்பது வருஷமும், மழை பிடித்தால் நான் வாசற்படியில்தான் நிற்பேன். மணிமுத்தாறு பக்கம் லைன் அறுந்து கிடக்கிறது என்று ஜீப் வந்து கூட்டிப்போனால் அப்பா திரும்பி வரும்வரை எனக்குத் தண்ணீர் இறங்காது. அவர்களுக்கோ சிரிப்பு. "கம்பத்துல ஏறுதவன் நான். கீழ நிக்குத உனக்குல்லா ஷாக் அடிக்குது" என்பார்கள். ஆபீஸிலும் அப்படித்தான். பள்ளிக்கூடத்துக் கிளார்க் வேலையில் ஒரு பிள்ளையின் சர்டிபிகேட்டையும் நான் மூன்று தடவை சரிபார்க்காமல் கையெழுத்துக்கு அனுப்பியதில்லை. எனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் பதவி உயர்ந்து போனார்கள், நான் நாலாவது தடவை சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டத்திலும் நான் அப்படித்தான். பாளையங்கோட்டையில் காலேஜ் முதல் வருஷம் சேர்ந்தபோது எங்கள் கோச் நான் பத்துப் பந்து ஆடுவதைப் பார்த்துவிட்டு, "உனக்கு அடிக்கப் பயமா இருக்கு. பயந்த ஆளுக்குன்னு ஒரு ரப்பர் இருக்கு" என்று பிம்பிள்ஸை ஒட்டிக் கொடுத்தார். எதிராளி எவ்வளவு சுழற்றி அனுப்பினாலும், அந்தச் சுழற்சியை அது அப்படியே அவள் பக்கம் தலைகீழாகத் திருப்பிவிடும். நான் செய்ய வேண்டியதெல்லாம் பந்துக்குக் குறுக்கே பேட்டைக் காட்டுவது. அவள் குழம்பிப்போய் வலையில் அடிப்பாள், எனக்குப் பாயிண்ட். மூன்று வருஷம் காலேஜ் டீமில் இருந்தேன். நானாக அடித்து ஜெயித்த பந்து ஒன்றுகூட நினைவில் இல்லை. அதில் எனக்கு வெட்கமும் இல்லை. ரப்பர் ஆடுகிறவரின் சுபாவத்துக்குப் பொருந்த வேண்டும். என் சுபாவத்துக்கு அது பொருந்தியது. அதே ரப்பரை உன் பேட்டிலும் ஒட்டினேன் பார், தப்பு அங்கே தொடங்கியது.

உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பள்ளிக்கூட ஹாலில் ஆபீஸ் முடிந்து நான் உன்னை ஆட வைப்பேன். காற்றுக் காலத்தில் பந்து பறந்துவிடும் என்று ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, வேர்த்துக் கொட்டிக்கொண்டு ஆடுவோம். நீ எதையும் அடிப்பாய். பந்து மேசையில் குத்தி மேலே எழும்பும்போதே பாய்ந்து அடிப்பாய். பாதி வெளியே போகும். தூத்துக்குடியில் நடந்த ஒரு போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்று, திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதாய். நீ மறந்திருப்பாய். எனக்கு அந்தச் சேலையைப் பார்த்தால் இப்போதும் ஞாபகம் வரும். இனிமேல் என் பிள்ளை இப்படி அழக்கூடாது என்று அந்த வாரமே உன் பேட்டின் சிவப்புப் பக்கத்தில், புறங்கையால் ஆடுகிற பேக்ஹேண்ட் பக்கத்தில், இருந்த ரப்பரை உரித்துவிட்டு பிம்பிள்ஸ் ஒட்டினேன். மறுபக்கம் இருந்த கறுப்பு வழுவழு ரப்பரை விட்டுவிட்டேன். எங்கள் பள்ளிக்கூடத்து பி.டி. சார் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "எக்கா, சின்னப் பிள்ளைக்கு இத ஒட்டாதீங்க. இப்ப ஜெயிப்பான். எதுத்து ஆடுத பயலுவ இத என்னன்னு தெரிஞ்சிக்கிட்டா அங்கனயே நின்னுருவான்." எனக்கு அந்த மனுஷன் மேல் எரிச்சல் வந்தது. என் பிள்ளை ஜெயிப்பது அவருக்குப் பிடிக்கவில்லை என்றுகூட நினைத்தேன்.

நீ ஜெயித்தாய். இரண்டு வருஷம் இங்கிருந்து நாகர்கோவில் வரைக்கும் உன் வயதுப் பிள்ளைகளில் யாரும் உன்னிடம் நிற்கவில்லை. கோப்பைகளைத் துடைத்து வைக்க எனக்கு ஞாயிற்றுக்கிழமை போதாது. பதினான்கு, பதினைந்து வயதானபோது பி.டி. சார் சொன்னது நடக்கத் தொடங்கியது. பிம்பிள்ஸின் ரகசியம் தெரிந்த பிள்ளைகள் உன் பேக்ஹேண்டுக்குச் சுழற்சியே இல்லாத சவப் பந்தைத் தள்ளினார்கள். வந்ததைத்தான் அது திருப்பும். வருவதில் ஒன்றும் இல்லாவிட்டால் அதனிடமும் ஒன்றும் இல்லை. நீ அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாய். ஆட்டத்தின் நடுவே பேட்டைக் கைக்குள்ளேயே சுழற்றி, கறுப்புப் பக்கத்தை, அந்த வழுவழுப் பக்கத்தை, பேக்ஹேண்டுக்குக் கொண்டுவந்து அடிப்பாய். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். உன் சுபாவம் உன் கையின் வழியாகக் கெஞ்சியது. நான் என்ன செய்தேன்? "பேட்ட உருட்டாதல. இருக்குறத வச்சு ஆடு" என்று எல்லார் முன்னாலும் உன் மணிக்கட்டில் தட்டினேன்.

இனிமேல்தான் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். இந்த இடத்தில் எழுந்துபோய் இரண்டு தடவை தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

நீ பிளஸ் டூ படித்த வருஷம். மாநிலப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தாய். திருச்சிக்குப் போக ஐந்து நாள் இருந்தது. கையில் சேர்த்து வைத்திருந்ததைக் கொண்டு, என்னிடம் சொல்லாமல், ஒரு சிவப்பு வழுவழு ரப்பர் வாங்கிவந்தாய். சனிக்கிழமை மத்தியானம் நீயே உட்கார்ந்து பிம்பிள்ஸை உரித்து, பசை தடவி, காயவைத்து, அதை ஒட்டினாய். நான் அடுப்படியில் இருந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒட்டி முடித்து, ரப்பர் நன்றாகப் படிய வேண்டும் என்று பேட்டைக் கட்டிலில் வைத்து, அதன் மேல் நம் வீட்டுப் பெரிய வேதாகமத்தை வைத்தாய். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் பாட்டுப் பயிற்சிக்குப் போய்விட்டாய்.

நான் வேதாகமத்தைத் தூக்கிவிட்டுப் பேட்டைக் கையில் எடுத்தேன். ஒரு கொப்புளம் இல்லை. ஓரம் பிசிறில்லாமல், கட்டையின் வளைவோடு வளைவாக வெட்டியிருந்தாய். இருபது வருஷம் ஒட்டிய நான்கூட அப்படி வெட்டியதில்லை. அதைப் பார்த்துப் பெருமைப்பட வேண்டிய தாய்க்கு என்ன வந்தது தெரியுமா? பயம்தான். ஐந்து நாளில் மாநிலப் போட்டி, பழகாத ரப்பர், முதல் சுற்றிலேயே அடிவாங்குவான், திரும்பவும் பஸ்ஸில் அழுதுகொண்டு வருவான் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. உன்னிடம் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ எதிர்த்துப் பேசுவாய், உன் பக்கம்தான் நியாயம் என்று எனக்கே தெரியும். அதனால் சொல்லவில்லை. கைப்பிடிப் பக்க முனையில் நகத்தை விட்டு, ரப்பரைப் பாதி வரைக்கும் உரித்தேன். பிறகு கோணலாக அழுத்தி விட்டேன். உள்ளே காற்று மாட்டி மூன்று இடத்தில் உப்பிக்கொண்டது. திரும்பக் கட்டிலில் வைத்து, வேதாகமத்தையும் எடுத்து மேலே வைத்தேன்.

நீ வந்து பார்த்தாய். பார்த்துக்கொண்டே நின்றாய். நான் புதிதாகப் பார்க்கிறவள் மாதிரி பக்கத்தில் வந்து, "என்னல இது, கொப்புளம் கொப்புளமா இருக்கு. பசை காயுறதுக்கு முந்தியே ஒட்டிட்டியா?" என்றேன்.

"காயவச்சுத்தாம்மா ஒட்டினேன். தொட்டுத் தொட்டுப் பாத்தேன்."

"எங்க காயவச்ச? உன் கைக்குப் பொறுமையே கிடையாதுல. இதக் கொண்டுபோனா நடுவர் பேட்டத் தொட்ட ஒடன தள்ளிவிட்டுருவாரு."

நீ உன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாய். விரல் நுனியில் காய்ந்த பசை தோலாக உரிந்துகொண்டிருந்தது. பிறகு பேட்டை என் கையில் கொடுத்தாய். நான் உரித்தபோது ரப்பரின் அடியில் இருக்கிற ஸ்பாஞ்ச் கிழிந்து வந்தது, அது பிறகு எதற்கும் ஆகவில்லை. பழையபடி பிம்பிள்ஸை ஒட்டிக் கொடுத்தேன். உன் கையில் ஒரு குறையும் இல்லை, எய்யா. குறை என் நகத்தில் இருந்தது.

திருச்சிக்கு நானும் வந்தேன். இரண்டு சுற்று ஜெயித்தாய். மூன்றாவது சுற்றில் கோயம்புத்தூர்ப் பையன், ஆட்டம் தொடங்கும் முன் எல்லாரும் செய்கிற மாதிரி, உன் பேட்டை வாங்கி, சிவப்புப் பக்கத்தைத் தடவிப் பார்த்து, லேசாகச் சிரித்துவிட்டுக் கொடுத்தான். அந்தச் சிரிப்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சவப் பந்தாகத் தள்ளினான். நீ பேட்டைச் சுழற்றி அடிக்கப் பார்த்துவிட்டு, கேலரியில் இருந்த என்னைப் பார்த்தாய். நான் தட்டிவிடுவேனோ என்று பார்த்தாய். சுழற்றவில்லை. தோற்று வெளியே வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே, "அவன் பந்துல ஒண்ணுமே வைக்கலம்மா. நான் எத வச்சுத் திருப்ப?" என்றாய். இந்தத் தடவை நீ அழவில்லை. அழுதிருந்தால் நான் அங்கேயே உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சொல்லியிருக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு நாலு வருஷம் நீ பேட்டைத் தொடவில்லை. பாக்டரியில் சேர்ந்த பிறகு அங்கே ஓய்வறையில் கிடந்த மேசையில் மறுபடி ஆரம்பித்தாய், கம்பெனிகளுக்கு இடையிலான போட்டியில் பெயர் வாங்கினாய், இப்போது இந்த வாய்ப்பு வந்திருக்கிறது. ஆனால் ஒரு தடவைகூட உன் பேட்டுக்கு நீ ரப்பர் ஒட்டவில்லை. அது பேட்டோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. கம்பம் ஏறினவரின் மகன், ஒரு சுவிட்சை மாற்றச் சொன்னால் "நீங்களே போடுங்கப்பா, நான் தொட்டா கெட்டுரும்" என்கிறாய். பைக்கில் செயின் கழன்றால் தள்ளிக்கொண்டு மெக்கானிக்கிடம் போகிறாய். சட்டை எடுக்கப் போனால் எனக்குப் படம் அனுப்பிக் கேட்கிறாய். போன மாதம் வந்த வரனைப் பற்றிக் கேட்டபோது, "எனக்கு என்னம்மா தெரியும், நீ பாத்து எதச் சொல்லுதியோ அதான்" என்றாய். மற்ற தாய்மார்களுக்கு இதைக் கேட்டால் மனம் குளிரும். நான் அன்று அடுப்பை அணைத்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இதெல்லாம் அந்த மூன்று கொப்புளத்திலிருந்து வந்ததா, உன் இயல்பே இதுதானா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் பயம்.

இன்று காலையில் காபி குடிக்கும்போது அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எதற்கெடுத்தாலும் கேலி பேசுகிற மனுஷன் கேலி பேசவில்லை. டம்ளரை வைத்துவிட்டார்கள்.

"ஏட்டி, எட்டு வருசமாவா மறைச்ச?"

"ஆமா."

"சுவிச்சத் தொட மாட்டேங்கான்னு அவனச் சோம்பேறிப் பய, சோம்பேறிப் பயன்னுல்லா ஏசிக்கிட்டு இருந்தேன்."

நான் அழுதேன். அழுதுகொண்டே, "செலக்சன் முடியட்டும். வெள்ளிக்கிழமை போன் போட்டுச் சொல்லிக்கிடுதேன். இப்ப சொன்னா அவன் மனசு கலங்கிரும்லா" என்றேன்.

"வெள்ளிக்கிழமை சொன்னா உனக்கு லேசா இருக்கும். வியாழக்கிழமை ஆடப்போறது யாரு?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்கள்.

அந்தக் கேள்விக்கு நான் சொல்லும் பதில்தான் இந்தக் கடிதம். இப்போது இதைப் படித்து உன் மனம் கலங்கி, அதனாலேயே தோற்றுவிடுவாயோ என்று பயம். சொல்லாமல் நானே ஒட்டி அனுப்பினால், வியாழக்கிழமையும் உன் கையில் என் நகம் இருக்கும். இரண்டில் எந்தப் பயத்தோடு இருப்பது என்றுதான் நேற்றிலிருந்து பார்த்தேன். இதோடு இருக்கிறேன்.

எது உன் ஆட்டத்துக்குப் பொருந்தும் என்று கேட்டிருக்கிறாய். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போனால் அதுவும் ஒரு ஒளிதல்தான், ஆகவே சொல்கிறேன். டிவியில் ஆடுகிறவன் என்ன ஒட்டியிருக்கிறான் என்று பார்த்து வாங்குகிறவன் முட்டாள். கடைக்காரர் இதுதான் வேகம் என்று சொன்னதும் வாங்குகிறவனும் முட்டாள். பெற்றவள் சொன்னதும் வாங்குகிறவனை என்ன சொல்ல. நீ எங்கே நிற்கிறாய், பந்தை எப்போது தொடுகிறாய், பாயிண்ட் எப்படி முடிய வேண்டும் என்று உன் மனம் துடிக்கிறது, இந்த மூன்றையும் பார். மேசையை விட்டு விலகி நின்று, பந்து இறங்கும்போது தொட்டு, எதிராளி தப்பு செய்யட்டும் என்று பொறுத்திருக்கிறவருக்கு முள் ரப்பரோ, ஸ்பாஞ்ச் மெல்லிசான ரப்பரோ போதும். தன் கையால் சுழற்ற வேண்டும் என்கிறவருக்குப் பந்தைப் பிடித்துக்கொள்கிற ரப்பர் வேண்டும். ஸ்பாஞ்ச் கனமாக ஆக வேகம் கூடும், கூடவே கைக்கு அடங்காமலும் போகும். நீ மேசையை ஒட்டி நிற்கிறாய். பந்து எழும்பும்போதே தொடுகிறாய். பேக்ஹேண்டில் உன் மணிக்கட்டு கடைசி நொடியில் ஒரு வெட்டு வெட்டும், அதை நான் உனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, எனக்கு வராது. நீ அனுப்பியிருக்கிற வழுவழு ரப்பரில் ஸ்பாஞ்ச் நடுத்தரக் கனம்தான். நீ தெரியாமல் வாங்கவில்லை. பன்னிரண்டு வயதிலிருந்தே உன் கை கேட்டது இதுதான்.

ஆனால் என் பயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வழுவழு ரப்பர் எதிராளியின் சுழற்சியையும் பிடித்துக்கொள்ளும். அவன் சர்வீஸைத் தப்பாகக் கணித்தால் பந்து கூரைக்குப் போகும். சென்னையில் நீ எதை வைத்துப் பயிற்சி எடுத்தாய் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை, கேட்டால் பதில் சொல்ல நீ பயப்படுவாய். நீ அனுப்பிய பேட்டில் பிம்பிள்ஸ்தான் ஒட்டியிருந்தது. அதன் முள்ளில் தேய்மானமே இல்லை. கறுப்புப் பக்கம் மட்டும் மழுங்கத் தேய்ந்திருந்தது. நான் பார்க்காத இடத்தில் நீ பேட்டைச் சுழற்றித்தான் ஆடியிருக்கிறாய் என்று தெரிந்துகொண்டேன். பிம்பிள்ஸோடு போனால் இரண்டு சுற்று நிச்சயம். மற்றதோடு போனால் முதல் சுற்றிலேயே தோற்கலாம், வேலையும் கிடைக்கலாம். எனக்கு இரண்டு சுற்றுதான் வேண்டும் போலிருக்கிறது, இப்போதும், இதை எழுதுகிற இந்த நிமிஷத்திலும். அதனால்தான் நான் சொல்வதை நீ கேட்கக்கூடாது. கேட்கிற மாதிரி இருந்தால் காதைப் பொத்திக்கொள்.

பேட்டின் இரண்டு பக்கமும் உரித்துவிட்டேன். இந்தத் தடவை பையப் பைய, கிழியாமல் உரித்தேன். கறுப்புப் பக்கத்துக்கு நான் வாங்கி வைத்திருந்த புது ரப்பர் ஒன்றும் வைத்திருக்கிறேன். நீ அனுப்பிய இரண்டு சிவப்பும் வெட்டாமல், பசை படாமல் அப்படியே இருக்கின்றன. கட்டையைத்தான் வெறுங்கட்டையாக அனுப்புகிறேன். பசைப் பாட்டில், தடவுகிற பஞ்சுத் துண்டு, கத்தரிக்கோல் எல்லாம் உள்ளே இருக்கிறது. பூரிக்கட்டையையும் வை, இல்லாவிட்டால் பய எதை வைத்து உருட்டுவான் என்று அப்பா கேட்டார்கள். காலையிலிருந்து அவர்கள் பேசிய முதல் கேலி அது. ஒரு கண்ணாடிப் பாட்டில் போதும் என்றேன்.

வியாழக்கிழமை நான் எங்கே இருப்பேன் என்று எனக்குத் தெரியும். வாசற்படியில் இருப்பேன். நீ போன் பண்ணாவிட்டாலும் புரிந்துகொள்வேன். ஜெயித்துவிட்டு என்னிடம் சொல்லாமல் அப்பாவிடம் மட்டும் சொன்னாலும் அது உன் இஷ்டம். இனிமேல் என்னிடம் எதுவும் கேட்காமலே போய்விடுவாயோ என்று இருக்கிறது. அப்படிப் போனால்தான் நல்லது என்றும் இருக்கிறது. மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதிவிட்டு இரண்டு தடவை அடித்துவிட்டேன். கேட்டால் நீ உடனே கொடுத்துவிடுவாய், கொடுத்துவிட்டு மறுபடியும் பேட்டை என் கையில் கொடுப்பாய். ஆகவே கேட்கவில்லை. ரப்பரை ஒட்டி, ஆடி முடித்து, கோபமெல்லாம் வந்து போன பிறகு, கொடுக்கத் தோன்றினால் கொடு.

அப்பா வண்டிச் சாவியோடு வந்து நிற்கிறார்கள். சாயங்கால பஸ்ஸுக்குப் பார்சல் கொடுக்க வேண்டும். "முடிச்சுட்டியா, இல்ல நாலாவது தடவ சரிபாக்கியா?" என்கிறார்கள். ஒரு கையால் எழுதுகிறேன், இன்னொரு கை இன்னும் உன் பேட்டின் கைப்பிடியை விடவில்லை. ஒட்டும் விதத்தை மட்டும் சொல்லி முடிக்கிறேன். பசையைக் கட்டையிலும் ரப்பரிலும் மெல்லிசாகத் தடவு. முதலில் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். அந்த வெள்ளை முழுக்க மறைந்து கண்ணாடி மாதிரி ஆகும்வரை காத்திரு, நீ பொறுமைக்காரன். தொட்டுத் தொட்டுப் பார்ப்பாய், எனக்குத் தெரியும். விரலில் ஈரம் படாதபோது, கைப்பிடிப் பக்கத்திலிருந்து பைய உருட்டி ஒட்டு. கொப்புளம் வராது. அன்றைக்கும் வரவில்லை.

அம்மா